வியாழக்கிழமைப் பை

மே 28, ஞாயிறு

சுலோச்சனாவை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன். மகள் கிருத்திகாவுக்கு ஜூன் கடைசியில் பிரசவம். டொரண்டோவில் ஒத்தாசைக்கு ஆள் இல்லை, அம்மா வந்தே ஆகவேண்டும் என்றுவிட்டாள். எனக்கும் சேர்த்து டிக்கெட் போடுகிறேன் என்றுதான் சொன்னாள். நான்தான் மறுத்துவிட்டேன். அங்கே போய் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து என்ன செய்வது? சுலோவுக்கு நவம்பர் 26-ல் திரும்பி வர டிக்கெட் இருக்கிறது.

இந்த டைரி மருந்துக் கடையில் சும்மா கொடுத்தது. "எந்தச் செடிக்கு என்னைக்குத் தண்ணி ஊத்துனீங்கன்னு இதுல எழுதி வையுங்க. இல்லாட்டி மறந்துருவீங்க" என்று சுலோ கையில் திணித்துவிட்டுப் போயிருக்கிறாள். மில்லில் வீவிங் மேஸ்திரியாக முப்பது வருஷம் ஷிப்ட் ரிப்போர்ட் எழுதியவனுக்கு இது ஒரு வேலையா.

கண்ணாடிக் கதவு வரைக்கும் ஏதேதோ சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு பக்கம் ஒலிபெருக்கி, ஒரு பக்கம் தள்ளுவண்டிகளின் கடகடப்பு. எல்லாவற்றுக்கும் தலையாட்டி வைத்தேன். உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்தாள். அதற்கும் தலையாட்டினேன்.

மொட்டைமாடியில் எல்லாச் செடிக்கும் தண்ணீர் விட்டாயிற்று.

மே 30, செவ்வாய்

தண்ணீர் விட்டேன். நீல டிரம்மில் இருக்கும் எலுமிச்சை நாலு வருஷமாக ஏமாற்றிக்கொண்டிருந்தது. இப்போது சுலோ கிளம்புகிற சமயம் பார்த்துப் பிஞ்சு விட்டிருக்கிறது. கோலிகுண்டைவிடச் சின்னதாக ஏழெட்டு இருக்கும். போகிற அன்றைக்கும் காலையில் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளைப் பார்க்கப் போகிற சந்தோஷத்தைவிட எலுமிச்சையை விட்டுப் போகிற துக்கம்தான் பெரிதாகத் தெரிந்தது.

வீடு அமைதியாக இருக்கிறது. பேப்பரை விளம்பரம் விடாமல் படிக்க முடிகிறது. நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 1, வியாழன்

காலையில் பால் எடுக்கப் போனால் கேட்டின் கொக்கியில் ஒரு பழைய துணிப்பை தொங்குகிறது. பிரித்துப் பார்த்தால் புழுக்கை! உருண்டை உருண்டையாக, பை நிறைய. ஆட்டுப் புழுக்கையும் இல்லை, அதைவிட வெளுப்பாக, காய்ந்து போய்.

இது எதிர்வீட்டுக் குப்புராஜ் வேலைதான். போன மாதம் அவர் காரை என் கேட்டுக்கு முன்னால் நிறுத்தினார் என்று நாலு வார்த்தை கேட்டேன். அதற்குப் பதில் மரியாதை. பையோடு கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினேன். அவர் ஜன்னலில் நின்று பார்க்கட்டும் என்று மெதுவாகவே கொட்டினேன்.

ஜூன் 8, வியாழன்

இன்றைக்கும் தொங்குகிறது. சாக்கடையில் போட்டேன்.

ஜூன் 11, ஞாயிறு

சுலோ வீடியோவில் பேசினாள். இளைத்த மாதிரி தெரிகிறது, அந்த ஊர் வெளிச்சமாகவும் இருக்கலாம். "பை ஒழுங்கா வருதுங்களா?" என்று கேட்டாள். பால் பாக்கெட்டைச் சொல்கிறாள் போல. ம் என்றேன். அப்புறமும் என்னவோ சொன்னாள். டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ம் என்றேன்.

ஜூன் 15, வியாழன்

பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. மூன்றாவது பையைத் தூக்கிக்கொண்டு நேராகக் குப்புராஜ் வீட்டுக்குப் போனேன். மனுஷன் பனியனோடு வந்து பையை எட்டிப் பார்த்தார்.

"மேஸ்திரிங்க, நான் வீட்டுல ஒரு பூனைகூட வளத்தறதில்லீங்க. இத்தனை புழுக்கைக்கு நான் எங்க போவேன், சொல்லுங்க?"

"அப்ப இது வானத்துல இருந்து உழுகுதுங்களா?"

"அதை மேல கேளுங்க, என்னைக் கேக்காதீங்க."

உள்ளே அவர் சம்சாரம் சிரிக்கிற சத்தம் கேட்டது. வந்துவிட்டேன். பையைச் சாக்கடையில் போட்டேன். தெருவில் என்னை யாரும் இப்படி அவமானப்படுத்தியதில்லை.

ஜூன் 27, செவ்வாய்

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். சுலோ போனைக் குழந்தைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினாள். சிவப்பாக, கண்ணைத் திறக்காமல் தூங்கியது. "யாரு சாடைன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்றாள். தெரியவில்லை என்றேன். போனை வைத்த பிறகு சர்க்கரை டப்பாவிலிருந்து ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். யாருக்குக் கொடுப்பது?

ஜூலை 2, ஞாயிறு

மாடியில் எதுவுமே சரியில்லை. கத்தரி மஞ்சளாகிவிட்டது. ரோஜா மொட்டு விரியாமலே கருகுகிறது. தண்ணீர் விடுவதில் ஒரு நாள் குறை வைக்கவில்லை, டைரியே சாட்சி. எரு போதவில்லை போலிருக்கிறது. நாளைக்குக் கோழிப் பண்ணைப் பக்கம் போய்ப் பார்க்கவேண்டும்.

ஜூலை 3, திங்கள்

ஒரு மூட்டை கோழி எரு வாங்கி வந்தேன். புத்தம் புதிது, நாற்றம் படி ஏறும்போதே ஆளைத் தள்ளியது. எல்லாச் செடிக்கும் தாராளமாகப் போட்டேன். எலுமிச்சைக்கு மட்டும் இரண்டு பங்கு. சுலோ வரும்போது அசந்துபோக வேண்டும்.

ஜூலை 9, ஞாயிறு

எலுமிச்சை இலையெல்லாம் ஓரம் கருகிச் சுருண்டுவிட்டது. காலையில் டிரம்மைச் சுற்றிப் பிஞ்சுகள் உதிர்ந்து கிடந்தன. பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். கோழி எருவை மக்க வைக்காமல் போட்டால் சூடு செடியையே பொசுக்கிவிடும் என்று உரக்கடைக்காரன் இன்றைக்குச் சொல்கிறான். இதை முன்னாலேயே சொல்லி இருக்கலாம்.

சாயங்காலம் சுலோ பேசினாள். செடியெல்லாம் எப்படி இருக்கிறது என்றாள். நன்றாக இருக்கிறது என்றேன்.

ஜூலை 13, வியாழன்

பிடித்துவிட்டேன்!

விடிவதற்கு முன்பே எழுந்து, கேட்டுக்கு உள்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். பால்காரன் வந்து போன கொஞ்ச நேரத்தில் ஒரு டிவிஎஸ் வண்டி வந்து நின்றது. ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா. கழுத்தில் சிலுவைச் சங்கிலி, தலையில் மப்ளர். பையைக் கொக்கியில் மாட்டும்போது சட்டென்று எழுந்து நின்றேன்.

"யாரும்மா நீ? எதுக்கு எங்கூட்டுக் கேட்டுல குப்பையக் கொண்டாந்து மாட்டற?"

பயந்துவிடும் என்று பார்த்தால் சிரிக்கிறது. "குப்பைங்களா? முயல் எருங்கண்ணா! அக்கா உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

பெயர் பிலோமினாவாம். மூன்று தெரு தள்ளி வீடு. நர்சரிப் பள்ளியில் ஆயா வேலை. வீட்டுப் பின்னால் கூண்டு வைத்து முயல் வளர்க்கிறது. சுலோவுக்கும் அந்தம்மாவுக்கும் பல வருஷமாக ஓர் ஏற்பாடாம். வாரா வாரம் வியாழக்கிழமை இந்தம்மா ஒரு பை முயல் எருவைக் கேட்டில் மாட்டும். அதே கொக்கியில் சுலோ ஒரு பை தழை மாட்டி வைத்திருப்பாள். முள்ளங்கி இலை, முருங்கை இலை, கீரைத் தண்டு என்று சேர்த்து வைத்தது. எரு இங்கே, தழை அங்கே.

"ஊருக்குப் போறப்ப, அவருகிட்ட எல்லாம் சொல்லிட்டேன் பிலோ, நீ எப்பவும்போல வந்து மாட்டிட்டுத் தழையை எடுத்துக்கோன்னாங்க. நானும் வாரா வாரம் பாக்கறனுங்க, தழைப் பையே காணோம். செரி, ஆம்பளை ஆளு, கீரைத் தண்டெல்லாம் எங்க பொறுக்கப் போறாருன்னு விட்டுட்டனுங்க."

"பொறகு எதுக்கு எருவை மட்டும் கொண்டாந்த?"

"கொண்டாரேன்னு அக்காகிட்டச் சொல்லிட்டனுங்களே."

வண்டியைக் கிளப்பும்போது கேட்டது: "இத்தனை நாளா மாட்டுனதெல்லாம் செடிக்குப் போட்டீங்களாண்ணா?"

ம் என்றேன். வேறு என்ன சொல்ல? எதிர்வீட்டு மாடியில் குப்புராஜ் பல் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 14, வெள்ளி

நானே சுலோவைக் கூப்பிட்டேன். எடுத்த எடுப்பில், "என்னங்க, உடம்புக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சா?" என்று பதறினாள். நான் கூப்பிட்டால் பதறுவதா?

முயல் எரு விஷயத்தை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மூன்று தரம் சொன்னாளாம். சமையலறையில் ஒரு தரம், காரில் ஒரு தரம், விமான நிலையத்தில் ஒரு தரம். மூன்றுக்கும் நான் ம் சொன்னேனாம்.

சொல்லியிருக்கலாம். தறிக்கூடத்தில் வேலை செய்தவர்களுக்குத்தான் இது புரியும். வரிசையாகத் தறிகள் ஓடுகிற சத்தத்தில் காது என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவோம். கண்ணாடி அறைக்குள் மேனேஜர் யாரைத் திட்டினாலும் வெளியே நிற்கிற எனக்குத் தெரிந்துவிடும். பின்னால் இருந்து யாராவது கத்தினால் மட்டும் ஒன்றும் விளங்காது. அதற்கு எல்லாரும் ஒரே வழிதான் வைத்திருந்தோம். தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்ப்பது.

எலுமிச்சையைப் பற்றி நேராகக் கேட்க முடியவில்லை. "குப்புராஜ் ஊட்டு எலுமிச்சை, கோழி எருப் போட்டுக் கருகிப்போச்சாம். என்ன பண்றதுன்னு கேக்கறாரு" என்றேன்.

"குப்புராஜ் ஊட்டுல எலுமிச்சை ஏதுங்க?"

டைரியை எடுத்துப் பிரித்தேன். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. மேல்மண்ணோடு கோழி எருவை அள்ளி எடுத்துவிட்டு, டிரம்மின் அடி ஓட்டை வழியாக வழிந்து ஓடும்வரை நல்ல தண்ணீர் விடச் சொன்னாள். இலை துளிர்த்த பிறகு முயல் எரு ஒரு கை அள்ளி, தண்டில் படாமல் தள்ளித் தூவி மண்ணைக் கிளறிவிடச் சொன்னாள். முயல் எரு குளிர்ச்சியாம். அப்படியே போட்டாலும் செடியைச் சுடாதாம். அவசரமென்றால் ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரை ஊற்றலாமாம். எல்லாவற்றையும் இந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். "எழுதறீங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

ஜூலை 20, வியாழன்

உழவர் சந்தையில் கழித்துப்போட்ட முள்ளங்கி இலையை ஒரு பை நிறையப் பொறுக்கி வந்து கொக்கியில் மாட்டினேன். தெரிந்தவர்கள் யாரும் பார்க்கவில்லை. இரண்டு நாளாகச் சாரல்.

ஜூலை 22, சனி

பிலோமினா வந்து வாசலிலேயே நின்று பிடிபிடியென்று பிடித்துவிட்டது. ஈரத் தழையைத் தின்று ஒரு முயலுக்கு வயிறு உப்பிக்கொண்டதாம்.

"அக்கா ஒவ்வொரு எலையா துணியில தொடச்சு, நெழல்ல ஆறப்போட்டுத்தான் பையில வெப்பாங்க. நீங்க சந்தையில இருந்து தண்ணி சொட்டச் சொட்ட அப்படியே மாட்டியிருக்கறீங்க. நானும் மத்தியானம் வேலைக்குப் போற அவசரத்துல பாக்காமப் போட்டுட்டேன்."

ஒவ்வோர் இலையாகவா! சமையலறையில் ஒரு பழைய துண்டு எப்போதும் பச்சைக் கறையோடு தொங்கும். துவைத்தால் என்ன என்று எத்தனையோ முறை எரிந்து விழுந்திருக்கிறேன். 

முயலைப் பார்க்கப் போனேன். பிழைத்துக்கொள்ளும் போலத்தான் இருக்கிறது. பின்கட்டில் இரண்டு அடுக்காகக் கூண்டு, அடியில் வலை, அதற்குக் கீழே தகரத் தட்டு. எரு தட்டில் விழுகிறது, மூத்திரம் சரிந்து தனியாக ஓடிவிடுகிறது. அதனால்தான் பை நாறுவதில்லை. கூண்டுக்கு முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி.

"இது அக்கா நாற்காலிங்க. வியாழக்கிழமை எனக்கு மத்தியானம்தான் வேலை. காலையில வந்தா வெயில் ஏறுற வரைக்கும் பேசிட்டு இருப்போம்."

வியாழக்கிழமை காலையில் சுலோ பாபா கோயிலுக்குப் போகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் பொய் சொல்லியிருக்க மாட்டாள். எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருப்பாள்.

கடைசிக் கூண்டில் சாம்பல் நிறத்தில் ஒரு கிழட்டு ஆண் முயல். அதற்குப் பெயர் என்ன தெரியுமா? மேஸ்திரி. அந்தம்மா முதலில் சொல்லத் தயங்கியது. வற்புறுத்திக் கேட்டேன்.

"அக்கா வெச்ச பேருங்க. தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. எங்கூட்டு மேஸ்திரியும் வாயைத் தொறக்கறதில்ல, இதுவும் தொறக்கறதில்ல. ஆனா இது காதையாவது தூக்கிக் கேக்குதுன்னு சொல்லுவாங்க."

விளையாட்டுக்குச் சொல்லியிருப்பாள்.

ஜூலை 27, வியாழன்

தழையைத் துடைத்து, ஆறவைத்து மாட்டினேன். ஒரு மணி நேர வேலை. முயல் பிழைத்துவிட்டது. எலுமிச்சை அப்படியே நிற்கிறது, குச்சி மாதிரி.

ஆகஸ்ட் 10, வியாழன்

எலுமிச்சையில் இரண்டு இடத்தில் துளிர்! கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன், துளிர்தான். முயல் எரு ஒரு கை தூவினேன், தண்டில் படாமல். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. குப்புராஜ் எதிர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "துளுத்துருச்சுங்க" என்று கத்தினேன். எதுவென்றே தெரியாமல் அவரும் கையை ஆட்டினார்.

ஆகஸ்ட் 24, வியாழன்

கத்தரி தேறிவிட்டது. ரோஜா பூத்தது. மண்ணைக் கிளறினால் மண்புழு நெளிகிறது. உருண்டைகள் மழையில் கரைந்து மண்ணோடு மண்ணாகிவிட்டன. எலுமிச்சையில் பூ. சுலோவிடம் சொல்லப்போவதில்லை. வந்து பார்க்கட்டும்.

செப்டம்பர் 17, ஞாயிறு

லைன் சுத்தமாகச் சரியில்லை. சுலோ தனியாக அறைக்குள் உட்கார்ந்து பேசினாள், கதவைச் சாத்திக்கொண்டு. படம் உறைந்து உறைந்து வந்தது. குரல் பாதி வருகிறது, பாதி முழுங்கிவிடுகிறது. நீளமாக ஏதோ கேட்டாள். மறுபடி சொல்லு என்றால் அவளுக்குச் சலிப்பாக இருக்குமே என்று ம் என்று தலையாட்டினேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "செரிங்க" என்றாள். வைத்துவிட்டாள்.

ரசம் வைத்தேன். பரவாயில்லை ரகம்.

அக்டோபர் 5, வியாழன்

எலுமிச்சையில் மறுபடி பிஞ்சு நின்றிருக்கிறது. இந்தத் தடவை அதிகம். எண்ணினால் கண் படும் என்று எண்ணவில்லை.

அக்டோபர் 15, ஞாயிறு

அவள் வருவதற்குள் சமையலறைக்கு வெள்ளையடித்துவிடலாம் என்று ஆள் கூப்பிட்டிருக்கிறேன். பச்சைக் கறைத் துண்டைத் துவைத்தேன். கறை போகவில்லை. அதே ஆணியில் மாட்டி வைத்தேன்.

சுலோ இப்போதெல்லாம் சுருக்கமாகத்தான் பேசுகிறாள். குழந்தை ஆதிரைக்கு இரவெல்லாம் சளியாம், தூக்கம் கெட்டிருக்கும்.

அக்டோபர் 22, ஞாயிறு

கிருத்திகா கூப்பிட்டாள். அம்மாவின் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாளாம். விசாவை நீட்டிக்க எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். ஆதிரை பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் அம்மா அங்கேயே இருக்கட்டும் என்று முடிவாம்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கலையே சாமி?" என்றேன்.

"என்னப்பா, அம்மா உங்ககிட்டக் கேட்டாங்களே! நான் இங்கயே இருந்துக்கட்டுமான்னு கேட்டேன், ம்னு சொல்லிட்டாருன்னாங்க. போன மாசம். மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை என்றேன்.

வெள்ளையடிக்கும் ஆளை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எல்லாம் விசா விஷயம். அங்கே குளிர்காலம் வேறு, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கிருத்திகா ஒற்றையாளாக என்ன செய்வாள்? நியாயம்தானே.

அக்டோபர் 24, செவ்வாய்

தண்ணீர் விட்டேன்.

அக்டோபர் 26, வியாழன்

தழை மாட்டவில்லை. எரு வந்தது. பையை மாடிக்கு எடுத்துப் போகவில்லை.

நவம்பர் 2, வியாழன்

பிலோமினா மணி அடித்துக் கூப்பிட்டது. "ஏனுங்கண்ணா, தழை வெக்கலையே, உடம்புக்கு முடியலீங்களா?" என்றது. சுலோ வரவில்லை, அங்கேயே இருக்கப்போகிறாள் என்றேன். அந்தம்மா முகம் விழுந்துவிட்டது.

"அக்கா எங்கிட்டக்கூடச் சொல்லலீங்களே."

"அவளுக்கு அங்க இருக்கத்தான் பிரியம். இருக்கட்டும்."

"அக்கா உங்ககிட்ட அப்படிச் சொன்னாங்களா?"

இரண்டு பேரும் கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றோம். அந்தம்மா பையை எடுத்து நீட்டியது. வாங்கிக்கொண்டேன். செடி என்ன பாவம் செய்தது.

நவம்பர் 12, ஞாயிறு, தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். முதுகுக்கு எட்டவில்லை. குப்புராஜ் வீட்டிலிருந்து முறுக்கும் அதிரசமும் வந்தது. நான் கடையில் வாங்கிய மைசூர்பாகைக் கொடுத்தேன். பிலோமினா வீட்டுக்கும் ஒரு டப்பா கொடுத்துவிட்டு, கிழட்டு மேஸ்திரியையும் பார்த்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் வீடியோவில் பேசினார்கள். அங்கே விடிகாலை. ஆதிரைக்குப் பட்டுப்பாவாடை. சிரிக்கிறது இப்போது. பாதியில் குழந்தை தூங்கிவிட்டது என்று கிருத்திகா மைக்கையும் ஸ்பீக்கரையும் அணைத்துவிட்டு, "ஒரு நிமிஷம்ப்பா" என்று சைகை காட்டி, போனைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்து அடுப்புப் பக்கம் நின்றாள். போனை மறந்துவிட்டார்கள். சுலோ தோசைக் கரண்டியோடு எனக்கு நேர் எதிரே நின்று மகளிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. தறிக்கூடத்தின் அந்தக் கோடியில் நிற்கிற ஆளைப் பார்ப்பதுபோல் இருந்தது.

கண்ணை எடுக்க முடியவில்லை. சுலோ சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இருந்துக்கட்டுமான்னு கேட்டேன்டி. வேண்டாம், வந்துருன்னு ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு நெனச்சுத்தான் கேட்டேன். தலைய ஆட்டிட்டாரு. இனி அங்க போயி யாருகூடப் பேசறது? சொவத்துகூடவா?"

அப்புறம் தோசையைத் திருப்பினாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மில்லில் அத்தனை பேர் உதட்டையும் பார்த்தேன். முப்பத்தைந்து வருஷத்தில் இவள் பேசும்போது நான் முகத்தைப் பார்த்ததே இல்லை. பேப்பரைப் பார்த்தேன், டிவியைப் பார்த்தேன். தறிக்கூடத்தை விட்டு வந்த பிறகும் வீட்டையே தறிக்கூடமாக வைத்திருந்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. பக்கத்து வீட்டில் சரவெடி வெடித்துக்கொண்டிருந்தது, யாருக்கும் கேட்டிருக்காது.

நவம்பர் 16, வியாழன்

நேற்று சுலோ கூப்பிட்டாள். சொல்லிவிட வேண்டும் என்று தயாராகத்தான் இருந்தேன். இங்கே மழை என்றேன். அங்கே பனி என்றாள். வைத்துவிட்டோம்.

முருங்கை இலையைத் துடைத்து ஆறப்போட்டு மாட்டினேன்.

நவம்பர் 19, ஞாயிறு

இன்றைக்கும் முடியவில்லை. ஆதிரைக்குத் தடுப்பூசி போட்டதைப் பற்றிப் பேசினோம். நாற்பது தறியை ஒரே நேரத்தில் கட்டி மேய்த்தவனுக்கு இரண்டு சொல் நாக்கில் ஏற மாட்டேன் என்கிறது.

நவம்பர் 23, வியாழன்

பிலோமினா வீட்டு நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அந்தம்மா தழையைப் பிரித்து வைக்க உள்ளே போயிருந்த சமயம், கிழட்டு மேஸ்திரியிடம் அந்த இரண்டு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். காதைத் தூக்கிற்று. சொல்ல முடிகிறது, அப்படியொன்றும் கஷ்டமில்லை.

நவம்பர் 26, ஞாயிறு

இன்றைக்குத்தான் அவள் வந்து இறங்க வேண்டிய நாள்.

சாயங்காலம் நானே கூப்பிட்டேன். டிவியை அணைத்தேன். போனோடு மாடிக்குப் போய் எலுமிச்சைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். பெரிய நெல்லிக்காய் அளவில் பச்சைப் பசேலென்று காய்கள். சுலோ பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கருகிப்போச்சுன்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்!"

"கருகித்தான் போச்சு. நான்தான் கோழி எருப் போட்டேன். குப்புராஜ் இல்ல."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்."

அவள் முகத்தைப் பார்த்தேன். நின்றால் மறுபடி முடியாது என்று தெரிந்தது.

"சுலோ, இருந்துக்கட்டுமான்னு அன்னைக்கு நீ கேட்டது எனக்குக் கேக்கலை. லைன் விட்டு விட்டு வந்துச்சு. கேக்காமயே தலையாட்டிட்டேன். கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன். நீ வந்துரு. நீ இல்லாம எனக்கு இங்க முடியலை."

அவள் அசையவில்லை. படம் உறைந்துவிட்டதோ என்று பயந்துவிட்டேன். பிறகு கண்ணை இமைத்தாள்.

"ம்" என்றாள்.

அந்த ம் எனக்குத் தெரியும். அது என் சரக்கு. சரி என்றும் ஆகும், இல்லை என்றும் ஆகும், ஒன்றுமே காதில் விழவில்லை என்றும் ஆகும். இத்தனை வருஷம் அதை வாங்கிக்கொண்டு இவள் எப்படி இருந்தாள்? நான் ஒரு நிமிஷத்துக்கே தவித்துப்போனேன். முன்னே என்றால் போனை வைத்திருப்பேன்.

"இது எந்த ம், சுலோ? கேட்டுச்சா, கேக்கலையா?"

"கேட்டுச்சுங்க" என்றாள்.

உள்ளே ஆதிரை அழுதது. எழுந்து போனாள். வருவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 30, வியாழன்

எரு வந்தது. தழை மாட்டினேன். எலுமிச்சைக்கு ஒரு கை, தண்டில் படாமல்.

சுலோ பேசினாள். எப்போது வருகிறாய் என்று கேட்டேன். தெரியலீங்க, யோசிச்சுச் சொல்றேன் என்றாள். நல்லா யோசி, அவசரமில்லை என்று சொன்னேன். தலையாட்டவில்லை, வாயைத் திறந்து சொன்னேன்.